காதின் வழியே கபாலத்துக்குள் காற்று: செவிவழி நியூமோசெபாலஸ் பற்றிய ஆய்வு

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

கபாலத்துக்குள் இருக்க வேண்டியவை மூன்றுதான்: மூளை, இரத்தம், மூளையைச் சூழ்ந்து நிற்கும் தண்டுவடத் திரவம். பெரியவர்களுக்கு இந்தத் திரவம் ஏறத்தாழ 150 மி.லி. இருக்கும். நாளொன்றுக்கு 500 மி.லி. அளவுக்குச் சுரந்து, அதே அளவு இரத்தத்தில் கலந்து வடிந்துவிடும். கபால எலும்பு விரிந்து கொடுக்காது என்பதால் மூன்றில் ஒன்று கூடினால் மற்றவை குறைந்தாக வேண்டும். 1783-இல் அலெக்சாண்டர் மன்றோவும் 1824-இல் ஜார்ஜ் கெல்லியும் வகுத்த இந்த விதியில் காற்றுக்கு இடமில்லை.

அந்த எலும்பிலேயே காற்று இருக்கிறது என்பதுதான் சிக்கல். மூக்கைச் சுற்றிய சைனஸ்களிலும், காதுக்குப் பின்னுள்ள மாஸ்டாய்டு எலும்பின் சிற்றறைகளிலும் நாம் மூச்சுவிடும் அதே காற்றுதான் நிறைந்திருக்கிறது. மூளைக்கும் இந்தக் காற்றுக்கும் இடையே உள்ளவை ஒரு மெல்லிய எலும்புத் தகடும் மூளையுறையும் மட்டுமே. தகடும் உறையும் ஒரே இடத்தில் விட்டுப்போனால் காற்று உள்ளே வரும். மருத்துவர்கள் இதை நியூமோசெபாலஸ் என்கிறார்கள். காற்று காதுப் பக்கமிருந்து வந்தால் அது செவிவழி நியூமோசெபாலஸ். இக்கட்டுரை அந்த ஒரு வகையை மட்டும் எடுத்துக்கொள்கிறது.

கபாலத்துக்குள் காற்று புகுந்த 295 பேரின் விவரங்களை மார்க்கம் 1967-இல் தொகுத்தார். அதில் தலைக்காயம் ஏறத்தாழ 74 விழுக்காடு, கட்டிகள் 13 விழுக்காடு, தொற்று 9 விழுக்காடு. காதுவழி நேர்வுகளை மட்டும் பிரித்தால் படம் மாறிவிடும். ஆண்ட்ரூசும் கனாலிசும் 1986-இல் வெளியிட்ட ஆய்வில் காயம் 36 விழுக்காடு. நடுச்செவி அழற்சியும் காது அறுவையும் தலா 30 விழுக்காடு. மொத்தக் கணக்கில் தொற்றுக்குச் சிறு பங்குதான் என்றாலும் காதுக் கணக்கில் அது காயத்துக்குச் சற்றே குறைவாக வந்து நிற்கிறது. காது தனக்கென ஒரு நோய்ப்போக்கு உள்ள உறுப்பு என்பதற்கு இந்த வேறுபாடே போதும்.

இங்கே நிறுவ முயல்வது ஒன்றுதான். இந்த நோயில் ஓட்டை பாதிக் காரணம். மீதிப் பாதி அழுத்தம். ஓட்டையை மட்டும் தேடி அடைத்துவிட்டு, காற்றை உள்ளே அனுப்பியது எது என்று கேட்காத மருத்துவம் அரைகுறையானது.

2. அறிதலின் வரலாறு

பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை கபாலத்துக் காற்று பிணக்கூறாய்வு மேசையில் மட்டுமே தெரிந்த ஒன்று. 1884-இல் கியாரி, மூளையின் முன்மடலில் காற்று சேர்ந்து இறந்த ஒருவரை ஆராய்ந்து, மூக்கையொட்டிய சைனசின் தொற்றுதான் காற்றுக்கு வழிவிட்டது என்று காட்டினார். உயிரோடிருந்த ஒருவரின் மூளை அறைகளில் காற்று நிற்பதை எக்ஸ்ரே படத்தில் முதலில் காட்டியவர் லக்கெட், ஆண்டு 1913, காரணம் மண்டையோட்டு முறிவு.

அடுத்த ஐந்தே ஆண்டுகளில் வரலாறு விசித்திரமாகத் திரும்பியது. நோயாக வந்த காற்றை மருத்துவர்கள் கருவியாக்கிக்கொண்டார்கள். பால்டிமோரில் வால்ட்டர் டேண்டி 1918-இல் மூளை அறைகளுக்குள் காற்றைச் செலுத்திப் படமெடுத்தார். மறு ஆண்டு இடுப்பு வழியாகக் காற்றேற்றும் முறையையும் வெளியிட்டார். சி.டி. ஸ்கேன் வரும்வரை அரை நூற்றாண்டுக்கு மூளைக் கட்டியைத் தேட அதுவே முக்கிய வழிகளில் ஒன்று. கடும் தலைவலியும் வாந்தியும் அதன் விலை. கபாலத்துக் காற்றைப் பற்றி நாம் அறிந்தவற்றில் கணிசமான பகுதி, நாமே உள்ளே செலுத்திய காற்றால் அறிந்தது.

காற்று உள்ளே வருவதும் வெளியேறாமல் சிக்குவதும் ஏன் என்பதை டேண்டியே 1926-இல் விளக்கினார். அதற்கு மாற்றாக வேறொரு விளக்கத்தை, மாஸ்டாய்டு அறுவைக்குப் பின் காற்று புகுந்த ஒரு நேர்வை வைத்து, 1964-இல் ஹொரோவிட்ஸ் முன்வைத்தார். இந்த இரு விளக்கங்களும் 4-ஆம் பகுதியில் விரிகின்றன.

3. வழி எங்கே இருக்கிறது

தொண்டையின் மேற்பகுதியிலிருந்து நடுச்செவிக்கு ஒரு குழாய் செல்கிறது. பெரியவர்களுக்கு 35 மி.மீ. அளவு நீளம். யூஸ்டேசியன் குழாய் எனப்படும் இது இயல்பாக மூடியே இருக்கும். எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் நொடிப்பொழுது திறந்து, நடுச்செவியின் அழுத்தத்தை வெளியோடு சமன்செய்யும். நடுச்செவியிலிருந்து பின்னோக்கிப் போனால் மாஸ்டாய்டு அறைகள். சிலருக்கு அவற்றின் கொள்ளளவு இரண்டு மூன்று மி.லி.; சிலருக்கு 20 மி.லி.-க்கும் மேல். மிகுதியாக அறை விட்ட எலும்பில் காற்று கழுத்து முள்ளெலும்பின் அருகுவரைகூடப் பரவியிருக்கும். எலும்பில் காற்றறை எவ்வளவு விரிகிறதோ அவ்வளவுக்கு அதன் சுவர்கள் மெலியும்.

நடுச்செவிக்கும் மாஸ்டாய்டுக்கும் கூரையாக இருப்பது டெக்மென் எனும் தகடு. அதற்கு மேலே மூளையுறை. உறைக்கு மேலே மூளையின் பொட்டு மடல். காது அறுவை மருத்துவர் இந்தக் கூரையை நெருங்குவதைக் கண்ணாலும் காதாலும் அறிவார். வெள்ளை எலும்பினூடே மூளையுறையின் இளஞ்சிவப்பு தெரியத் தொடங்கும். துளைக்கருவியின் ஒலி சற்றே மாறும். அங்கே கையின் வேகத்தைக் குறைத்துவிடுவார். மிச்சமிருக்கும் எலும்பு ஒரு மி.மீ.கூட இராது.

இந்தக் கூரை எல்லோருக்கும் முழுமையாக இருப்பதில்லை. இறந்தவர்களின் பொட்டெலும்புகளை (காதை உள்ளடக்கிய எலும்புகளை) ஆராய்ந்தவர்கள் ஐந்தில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரை ஏதோ ஓர் இடைவெளி இருந்ததைக் கண்டிருக்கிறார்கள். பெரும்பாலானவை சிறியவை, அவர்கள் வாழ்நாளில் எந்தத் தொல்லையும் தந்திராதவை. இந்தத் தகவலின் பொருளை அழுத்திச் சொல்ல வேண்டும். எலும்பில் ஓட்டை இருந்தால் நோய் வந்துவிடும் என்றால், நம் தெருவில் வீட்டுக்கொருவர் இந்த நோயோடு நடமாட வேண்டும். அப்படி நடப்பதில்லை. மூளையுறை காவல் காக்கிறது. அதோடு இருபுறத்து அழுத்தமும் பெரிதாக வேறுபடுவதில்லை.

4. காற்று நுழையும் விதம்

4.1 தள்ளப்படும் காற்று

டேண்டி சொன்னது ஒருவழிக் கதவு முறை. இருமல், தும்மல், மூக்குச் சிந்தல், மலச்சிக்கலில் முக்குதல் ஆகிய ஒவ்வொன்றும் தொண்டைப் பக்கத்துக் காற்றின் அழுத்தத்தை ஏற்றும். மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு ஊதினால் யூஸ்டேசியன் குழாய் திறந்து, அந்த அழுத்தம் நடுச்செவியை எட்டும். கூரையில் ஓட்டை இருந்தால் காற்று அதன் வழியே மேலேறும். அழுத்தம் இறங்கியதும் மூளையோ கிழிந்த மூளையுறையின் ஓரமோ ஓட்டையின் மேல் படிந்து அடைத்துக்கொள்ளும். வந்த காற்று வந்ததுதான்.

இங்கே ஓர் ஐயம் எழ வேண்டும். முக்கும்போது நெஞ்சின் அழுத்தம் இரத்தக் குழாய்கள் வழியே கபாலத்தையும் எட்டுகிறது. உள்ளழுத்தமும் கூடவே ஏறுகிறது. அப்படியானால் காற்று எப்படி உள்ளே போகும்? முயற்சியை நிறுத்திய கணத்தில் விடை இருக்கிறது என்று கருதலாம். கபாலத்தின் அழுத்தம் உடனே இறங்கிவிடுகிறது. யூஸ்டேசியன் குழாயோ மூடிக்கொள்கிறது. அடுத்து எச்சில் விழுங்கும்வரை ஏறிய அழுத்தம் மாஸ்டாய்டில் அடைபட்டே நிற்கிறது. அந்தச் சில நொடிகளில் சரிவு உள்நோக்கி இருக்கிறது. ஒருமுறை ஊதியதால் வருவதைவிட, காதடைப்பைப் போக்க நாள் முழுதும் ஊதிக்கொண்டே இருப்பவர்களுக்கு இது வருவது இதனோடு பொருந்துகிறது.

மூக்கைப் பொத்தி ஊதும் இந்த உத்தி இத்தாலியின் பொலோன்யா நகரத்து அந்தோனியோ வால்சால்வாவின் பெயரால் வழங்குகிறது. காதைப் பற்றி அவர் எழுதிய நூல் 1704-இல் வெளிவந்தது. காதுக்குள் தேங்கிய சீழை வெளியே தள்ளவே அவர் இதைப் பரிந்துரைத்தார். நடுச்செவிக் குழாய்க்கு யூஸ்டேசியன் குழாய் என்று பெயர் வழங்கியவரும் அவரே. அன்று காதைச் சுத்தம் செய்யச் சொல்லப்பட்ட செயல், கூரை பழுதான காதில் மூளைக்குக் காற்றேற்றும் செயலாகிவிடுகிறது.

4.2 உறிஞ்சப்படும் காற்று

ஹொரோவிட்ஸ் சொன்னது வேறு. தண்ணீர் நிறைந்த பாட்டிலைக் கவிழ்த்தால் தண்ணீர் வெளியேற வெளியேற உள்ளே வெற்றழுத்தம் உண்டாகி, குபுகுபுவென்று காற்று மேலேறும். காது வழியே தண்டுவடத் திரவம் கசியும் நோயாளிக்கும் அதுவே நடக்கிறது. படுத்திருக்கும்போது 7 முதல் 15 மி.மீ. பாதரச அளவில் இருக்கும் கபால அழுத்தம், எழுந்து நின்றால் தானாகவே குறையும். சுழிக்குக் கீழும் போகும். திரவமும் கசிந்துகொண்டிருந்தால் இழுவை இன்னும் கூடும்.

இந்த இரண்டாம் விதத்துக்குக் கூர்மையான சான்று ஷன்ட் பொருத்தப்பட்டவர்கள். மூளையில் நீர் கோத்தவர்களுக்கு மூளை அறையிலிருந்து வயிற்றுக்கு ஒரு குழாய் வைத்துத் திரவத்தை வடியவிடுவார்கள். அவர்களில் சிலருக்கு மாதங்கள், ஆண்டுகள் கழித்துக் கபாலத்தில் காற்று நிறைகிறது. தேடிப்பார்த்தால் காதின் கூரையில் ஓட்டை இருக்கிறது. நீர் கோத்த காலத்தின் மிகை அழுத்தமே அந்தக் கூரையை மெல்ல அரித்திருக்கக்கூடும். அழுத்தம் மிகுந்திருந்தவரை வீங்கிய மூளை அதை அடைத்துக்கொண்டிருந்தது. ஷன்ட் அழுத்தத்தைக் குறைத்ததும் அடைப்பு விலகி, அதே துளை காற்றை உறிஞ்சத் தொடங்கிவிட்டது.

ஆக, ஒரே ஓட்டை இரு திசையிலும் வேலை செய்யும். கபால அழுத்தம் கூடியிருப்பவர்களுக்குத் திரவம் காதுக்குள் இறங்கும். உடற்பருமன் மிகுந்த நடுவயதுப் பெண்களிடம் காணப்படும், தானாக நேரும் திரவக் கசிவு பெரும்பாலும் இவ்வகை. அழுத்தம் குறைந்தவர்களுக்குக் காற்று மூளைக்கு ஏறும். தள்ளல், உறிஞ்சல் என்ற இரண்டில் எது மெய் என்று நூல்கள் வழக்காடுவது வீண்வேலை. கேட்க வேண்டியது இந்த நோயாளியிடம் எது நடந்தது என்பதையே.

5. காரணங்கள்

5.1 காயம். பொட்டெலும்பு முறிவில் காதிலிருந்து இரத்தமும் நீரும் வடியும். காதுக்குப் பின்னால் ஓரிரு நாளில் கன்றிப்போகும். முறிவு உள்செவியை விட்டு விலகிச் சென்றதா, ஊடுருவிச் சென்றதா என்பதே முதன்மையான பிரிவு. பெரும்பாலானவை விலகிச் செல்பவை. ஊடுருவியவை குறைவென்றாலும் கெடுதல் மிகுந்தவை. உள்செவியைச் சூழ்ந்த எலும்பு உடம்பின் பிற எலும்புகளைப்போலப் புதிய எலும்பு வளர்த்துக் கூடுவதில்லை. நார்த்திசுவால் மட்டுமே ஒட்டுகிறது. விபத்து நடந்து பல ஆண்டுகள் கழித்து அந்தக் கோட்டின் வழியே மூளையுறை அழற்சி வருவது இதனால்தான்.

5.2 நாட்பட்ட சீழ்க்காது. நம் நாட்டுக்கு நேரடியாகத் தொடர்புள்ள காரணம் இது. உலகில் 6.5 கோடி முதல் 33 கோடிப் பேர் வரை சீழ் வடியும் காதோடு இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் 2004-இல் மதிப்பிட்டது. இந்தியாவை இந்நோய் மிகுந்த நாடுகளின் பட்டியலில் வைத்தது. சீழ்க்காதெல்லாம் மூளையைத் தொடுவதில்லை. செவிப்பறையின் நடுவில் துளையிருந்து சளிபோல் வடிவது பெரும்பாலும் எலும்பை விட்டுவிடும். செவிப்பறையின் மேல்மூலையில் தோல் உள்ளே மடிந்து வளரும் கொலஸ்டியாட்டோமா அப்படியன்று, எலும்பை அரிக்கும். அதன் அடையாளம் குறைவான, ஆனால் நாற்றமடிக்கும் சீழ். "கொஞ்சமாகத்தான் வடிகிறது" என்று ஆறுதல்பட்டுக்கொள்ளும் நோயாளிதான் அதிகம் கவனிக்கப்பட வேண்டியவர். இங்கே இன்னொரு வாய்ப்பும் உண்டு. காற்று வெளியிலிருந்து வராமல், வளியுண்டாக்கும் கிருமிகள் மூளைச் சீழ்க்கட்டிக்குள்ளேயே உண்டாக்கியதாகவும் இருக்கலாம். காய்ச்சலோடு மயக்கமும் வந்த நோயாளியின் ஸ்கேனில் காற்றுக் குமிழியைக் கண்டதும் ஓட்டையைத் தேடுமுன் சீழ்க்கட்டியைத் தேட வேண்டும்.

5.3 அறுவை. மாஸ்டாய்டு அறுவையில் கூரை உடைந்து மூளையுறையும் கிழிதல், செவி நரம்புக் கட்டியைக் காதின் வழியே எடுத்தல், அரிதாகக் காக்ளியர் உள்வைப்பு ஆகியன. மூளையுறையைத் திறந்து செய்யும் அறுவைக்குப் பின் சிறிது காற்று இருப்பது இயல்பு, அது நோயன்று. நாளாக ஆகக் கூடினால்தான் நோய்.

5.4 தானாக வருவது. எண்ணிக்கையில் குறைந்தது, அறிவுக்கு விருந்தானது. காயமில்லை, சீழில்லை, அறுவையில்லை. மிகையாகக் காற்றறை விட்ட மாஸ்டாய்டும், அடிக்கடி மூக்குச் சிந்தும் அல்லது காதுக்குள் ஊதும் பழக்கமும் சேர்ந்திருக்கும். காற்று முதலில் எலும்புக்கும் மூளையுறைக்கும் இடையே புகுந்து, உறையைச் சிறுகச் சிறுக எலும்பிலிருந்து பிரித்துப் பெரிய பையாகலாம். அல்லது பொட்டு மடலுக்குள்ளேயே குழிபறிக்கலாம். பிறவிக் குறையால் வருவதும் மிகச் சிலருக்கு உண்டு.

6. அறிகுறிகள்

மிகுதியானவர்களுக்குத் தலைவலிதான். அது எதற்கும் வரும் என்பதால் நோய் தாமதமாகவே வெளிப்படுகிறது. தலையை அசைக்கும்போது உள்ளே நீர் தளும்புவதுபோல் ஒலி கேட்பது இந்த நோய்க்கே உரியது. அரிதாகவே வரும், வந்தால் மருத்துவர் அதைப் பிரமை என்று ஒதுக்கிவிடக்கூடாது. காற்றும் திரவமும் ஒரே அறையில் இருப்பதன் நேரடி ஓசை அது.

காற்று எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்து மற்றவை அமையும். இடப் பொட்டு மடலில் நின்றால் பேச்சுத் தடுமாறும், சொல் கிடைக்காது. பக்கவாதம் என்றே முதலில் நினைக்கத் தோன்றும். வலிப்பு வரலாம். உள்செவிக்குள்ளும் காற்று புகுந்திருந்தால் தலைசுற்றலும் செவித்திறன் இழப்பும் சேரும். செவிப்பறை முழுதாக இருந்தால் திரவம் காதில் வடியாது. யூஸ்டேசியன் குழாய் வழியே தொண்டைக்கு இறங்கி உப்புக்கரிக்கும், அல்லது குனியும்போது ஒரு நாசியில் தெளிந்த நீராகச் சொட்டும். மூக்கில் சொட்டுகிறதே என்று மூக்கையே ஆராய்ந்து காதை மறந்துவிடும் பிழை இங்கேதான் நேர்கிறது. அந்த நீர் தண்டுவடத் திரவமா, வெறும் சளியா என்பதை பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின் சோதனை சொல்லிவிடும்.

7. படம்

சி.டி. ஸ்கேனின் அளவுகோலில் நீர் 0, காற்று மைனஸ் 1000. இவ்வளவு வேறுபாடு இருப்பதால் அரை மி.லி. காற்றுகூடத் தப்பாது, பழைய எக்ஸ்ரேக்கு 2 மி.லி. வேண்டும். ஆனால் மூளைக்கான வழக்கமான சாளர அமைப்பில் பார்த்தால் கொழுப்பும் காற்றும் ஒரே கறுப்பாகத் தெரியக்கூடும். சாளரத்தை மாற்றிப் பார்ப்பது நொடி வேலை. 1988-இல் ஜப்பானிய மருத்துவர்கள் விவரித்த ஃபூஜி மலை அடையாளம் இன்னொன்று. இரு முன்மடல்களின் நுனிகளும் காற்றால் அமுங்கிப் பிரிந்து, எரிமலையின் வாய்போலத் தெரிவது. காற்று வெறுமனே இருக்கவில்லை, அழுத்துகிறது என்பதற்கு அது எச்சரிக்கை.

காற்றைக் கண்டதோடு படம் பார்ப்பது முடிந்துவிடக்கூடாது. பொட்டெலும்பை மெல்லிய வெட்டுகளாக, குறிப்பாகத் தலையை முன்பின்னாகப் பிரிக்கும் தளத்தில் எடுத்தால்தான் கூரையின் ஓட்டை தெரியும். ஓட்டை வழியே மூளை காதுக்குள் சரிந்திருக்கிறதா என்பதற்கு எம்.ஆர்.ஐ. வேண்டும். இரு காதுகளையும் பார்ப்பது நல்லது. கூரை மெலிவு பலருக்கு இருபக்கமும் இருக்கும்.

8. மருத்துவம்

காற்று சிறிதாக, அறிகுறி லேசாக இருந்தால் காத்திருக்கலாம். தலையை 30 பாகை உயர்த்திப் படுக்கை, மூக்குச் சிந்தாமை, தும்மலை வாய் திறந்து விடுதல், மலமிளக்கி. தூய ஆக்சிஜனை முகமூடியில் கொடுத்தால் இரத்தத்தில் நைட்ரஜன் குறைந்து, கபாலக் காற்றிலிருக்கும் நைட்ரஜன் விரைந்து கரையும். அந்த முகமூடி அழுத்தத்தோடு ஊதுவதாக இருக்கக்கூடாது. குறட்டை நோய்க்கு இரவில் மாட்டும் கருவியையும் நிறுத்திவைக்க வேண்டும். மயக்க மருந்து நிபுணர் நைட்ரஸ் ஆக்சைடைத் தவிர்ப்பார். அது நைட்ரஜனைவிட முப்பது மடங்குக்கு மேல் இரத்தத்தில் கரையும் வாயு. காற்றுப்பைக்குள் நுழையும் வேகத்துக்கு நைட்ரஜன் வெளியேறாததால் பை ஊதிவிடும். விமானப் பயணமும் அவ்வாறே தவிர்க்க வேண்டியது. அறையழுத்தம் 8,000 அடி உயரத்துக்கு ஒப்பாக இறங்கும்போது அடைபட்ட வாயு மூன்றில் ஒரு பங்கு விரியும்.

காற்று மூளையை அழுத்திச் சுயநினைவு மங்கினால் மண்டையோட்டில் துளையிட்டு உடனே வெளியேற்ற வேண்டும். அதன்பின் ஓட்டையை அடைக்கும் வேலை. சிறியதும் பின்பக்கத்ததும் மாஸ்டாய்டு வழியாகவே கைக்கெட்டும். பெரியது, முன்பக்கத்தது, பல துளைகள் கொண்டது என்றால் காதுக்கு மேலே மண்டையோட்டைத் திறந்து மேலிருந்து அணுகுவார்கள். பொட்டுத் தசையின் உறை, காது மடலின் குருத்தெலும்பு, எலும்புத் தூள் என்று அடுக்கடுக்காக வைப்பது வழக்கம். கேட்கும் திறன் ஏற்கெனவே போய்விட்ட காதென்றால் நடுச்செவி முழுவதையும் கொழுப்பால் நிரப்பி, வெளித்துவாரத்தையும் தைத்து மூடிவிடலாம்.

இவ்வளவும் ஓட்டையைப் பற்றியது. அழுத்தத்தைப் பற்றிய மருத்துவம் ஆளுக்காள் நேர்மாறாகும். திரவக் கசிவை நிறுத்த இடுப்பில் குழாய் வைத்து வடிப்பது பழைய பழக்கம். உறிஞ்சலால் காற்று ஏறிய நோயாளிக்கு அதுவே எரிகிற தீயில் எண்ணெய். ஷன்ட் உள்ளவருக்கு அதன் வால்வை இறுக்கி அழுத்தத்தை ஏற்ற வேண்டும். ஆனால் கபால அழுத்தம் மிகுந்திருக்கும் பருமனானவருக்கு அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் போட்ட ஒட்டு நிற்காது. ஊதும் பழக்கத்தால் வந்தவருக்குச் செவிப்பறையில் குரோமெட் எனும் சிறு குழாயைப் பொருத்திச் சிலர் வெற்றி கண்டிருக்கிறார்கள். நடுச்செவியில் அழுத்தம் ஏற முயன்றால் காற்று காது வழியே வெளியேறிவிடும். காதில் துளை போட்டு மூளையைக் காப்பது கேட்க வேடிக்கையாகத்தான் இருக்கிறது. கூரையின் ஓட்டை பெரிதாக இல்லாத, திரவம் கசியாத நோயாளிக்கு, கபாலத்தைத் திறக்குமுன் இதைச் செய்து பார்ப்பது நியாயமானதே. திரவம் கசிபவருக்கு அது கூடவே கூடாது. வெளியுலகின் கிருமிக்கு மூளைவரை வாசல் திறந்துவிட்டதாகும்.

மூளையுறை அழற்சி வராமலிருக்கக் கசிவு இருக்கும்வரை ஆன்ட்டிபயாட்டிக் கொடுத்துக்கொண்டே இருப்பது பரவலான வழக்கம். அதன் பயன் ஆய்வுகளில் உறுதிப்படவில்லை. நிமோகாக்கஸ் தடுப்பூசி அப்படியல்ல. கசிவுள்ளவர்களுக்கு அது பரிந்துரைக்கப்படுகிறது. செலவும் ஓர் அறுவையோடு ஒப்பிட்டால் அற்பம். வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் அந்த ஊசியையும், மூக்கைப் பொத்தி ஊதக்கூடாது என்ற வரியையும் தமிழில் எழுதிக் கொடுப்பது தையல் பிரிக்கும் தேதியை எழுதுவதைவிட முக்கியம்.